துறையில் நின்று கதைத்தவள்

“சப்புறார்கா. அவர் ஒண்டும் கதைக்கல்ல. வெத்திலை சப்புறார்.”

“உனக்கென்ன விசரா? இவ்வளவு வேகமா ஆராவது வெத்திலை சப்புவாங்களா? கிழவர் ஆரையோ ஏசுறார். நல்லாப் பாரு.”

“நல்லாப் பாத்துத்தான் சொல்றன். கதைக்கிற வாய் இப்பிடிச் சுத்திச் சுத்தி வந்த இடத்துக்கே வராது. இது மாடு அசைபோடுற மாதிரி,” என்றாள் சர்மிலா.

உதயரூபன் கையிலிருந்த தாள்களைப் பார்த்தான். பிறகு லப்டொப் திரையில், சத்தமில்லாத பழைய படத்துக்குள் குடையை ஊன்றி நின்ற கிழவரைப் பார்த்தான். அந்தக் கிழவருக்காக மட்டும் அவன் ஒரு முழுப்பக்கம் வசனம் எழுதியிருந்தான். பேத்திக்குக் கலியாணம் பேசப் போனதும், மாப்பிள்ளை வீட்டார் வயல் கேட்டதும், அதனால் கிழவருக்குக் கோபம் வந்ததுமாக நல்ல வசனம். நேற்று நுஸ்ராவுக்கு வாசித்துக் காட்டியபோது அவள் கதிரையிலிருந்து விழாத குறையாகச் சிரித்திருந்தாள். இப்போதும் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் இது வேறு சிரிப்பு.

“கலியாணம் பேசப் போன மனிசன் வெத்திலை சப்பாம என்ன செய்வார் உதயன்?”

“நீ பேசாம இரு நுஸ்ரா. சர்மி, இவ்வளவு வேகமா எப்பிடிச் சப்பினார்? அதச் சொல்லு.”

சர்மிலா திரையைச் சுட்டினாள். “சப்புறது மட்டுமா வேகம்? நடக்கிறதப் பாரு. மூட்டை தூக்கிறவனப் பாரு. எல்லாரும் எறும்பு மாதிரி ஓடுறாங்க. இவங்கட நடை இதில்ல. வேகத்தக் குறை நுஸ்ரா.”

மட்டக்களப்பு நகரத்தில், பாலத்துக்குக் கிட்ட இருந்த ஒரு கலியாண ஸ்ரூடியோவின் பின்னறை அது. நுஸ்ரா அங்கே கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறவள். சர்மிலா மணப்பெண்களின் முகத்துப் பருக்களையும் மாப்பிள்ளைமாரின் கண்ணுக்குக் கீழுள்ள கருமையையும் படத்தில் துடைத்தெடுக்கிறவள். உதயரூபன் கலியாணங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் ஒலிவாங்கி பிடிக்கிறவன். அவன் குரல் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றாலும் கேட்கும் என்பார்கள். சர்மிலா அந்தக் குரலை ஒருநாளும் கேட்டதில்லை. நாலாம் வகுப்பில் வந்த மூளைக்காய்ச்சல் அவளுடைய காதுகளை எடுத்துக்கொண்டு உயிரை விட்டுவிட்டுப் போயிருந்தது. அன்றிலிருந்து அவள் மனிதரின் உதடுகளைப் பார்த்தே உலகத்தோடு பழகிவந்தாள்.

படச்சுருள் நுஸ்ராவின் வாப்பாவுடைய ஏறாவூர்க் கடையில் கிடைத்தது. கூரை மாற்றியபோது முகட்டுக்குள்ளிருந்து ஒரு தகர டப்பா விழுந்தது. அது எப்படி அங்கே போனது என்று குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. கொழும்பில் பழைய சுருள்களைப் பாதுகாக்கிறவர்களிடம் கொண்டுபோனார்கள். அவர்கள் முகம் வெளிறி, இது தீப்பிடிக்கிற ரகம், இதை வீட்டில் வைத்தா தூங்கினீர்கள் என்று கேட்டு, சுருளைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். உக்கிப்போகாமல் மிஞ்சியிருந்த துண்டை மட்டும் பிரதி எடுத்து ஒரு சின்னப் பென்ட்ரைவில் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு பாட்டு ஓடி முடிகிற நேரம்கூட வராது. சத்தம் இல்லாத காலத்துப் படம்.

அதில் இருந்தது மட்டக்களப்பின் பழைய துறை.

கோட்டை மதில் தெரிந்தது. வாவி தெரிந்தது. மூட்டைகள், மாடுகள், பாய் சுருட்டிய வள்ளங்கள், தலைப்பாகைகள், ஒரு வெள்ளைக்காரனின் வட்டத்தொப்பி. எல்லாவற்றுக்கும் நடுவில், படப்பெட்டியை நேராகப் பார்த்துக்கொண்டு நூறு வருடத்துக்கு முந்தின சனம்.

அந்தக் காலத்துப் படக்காரருக்கு ஒரு வழக்கம் இருந்ததாம். கொழும்பில் சொன்னார்கள். கப்பலில் வந்து ஒரு துறையில் இறங்கினால் முதலில் அந்த ஊர்ச் சனத்தையே படம் பிடிப்பார்களாம். நாலைந்து நாளில் அதைக் கழுவி எடுத்து, கூடாரம் அடித்து, ஈரச்சீலை கட்டி, ‘உங்களை நீங்களே வந்து பாருங்கள்’ என்று தண்டோரா போடுவார்களாம். ஊரே திரண்டு வருமாம். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று நடப்பதையெல்லாம் வாயால் சொல்லுவாராம். அதைக் கேட்ட நாளிலிருந்து நுஸ்ராவுக்கு ஒரே ஆசை. சனிக்கிழமை அந்தி மஃரிப் தொழுகை முடிந்த கையோடு வாவிக்கரையில் ஈரச்சீலை கட்டி, பக்கத்தில் உதயரூபனை நிறுத்தி, அதே மாதிரிக் காட்ட வேண்டும்.

“செரி, குறைக்கன். எவ்வளவு?” என்று நுஸ்ரா கேட்டாள்.

“குறை… இன்னும் குறை… கூடிப்போச்சு, இப்ப நித்திரையில நடக்கிறாங்க. கொஞ்சம் கூட்டு.”

சர்மிலா கண்ணிமைக்காமல் வாய்களையே பார்த்தாள். திடீரென்று கையை உயர்த்தினாள்.

“நிப்பாட்டாத. இதுதான். இப்பிடியே விடு.”

நுஸ்ரா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

எறும்புகள் மனிதர்களாகிவிட்டார்கள். நூறு வருடமாக ஓடிக்கொண்டிருந்தவர்கள் அப்போதுதான் நடக்கத் தொடங்கினார்கள். மூட்டை சுமந்தவனின் முதுகு அந்தப் பாரத்தில் வளைந்தது. முன்பு அதில் பாரமே இருக்கவில்லை. மாடு வாலைச் சுழற்றி ஈ ஓட்டியது. தண்ணீருக்கு நிதானம் வந்தது. ஒரு சிறுமி தலையைச் சொறிந்துவிட்டு நகத்தைப் பார்த்தாள். குடைக்கிழவர் ஆறுதலாக, ஆனந்தமாக, உலகத்தில் வேறு வேலையே இல்லாதவர் போல வெற்றிலை சப்பினார். இதுவரை வேடிக்கைப் பொம்மைகளாக இருந்தவர்களுக்கு யாரோ எடையையும் மூச்சையும் திருப்பிக் கொடுத்தது போலிருந்தது. நுஸ்ரா தன்னையறியாமல் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள், அறைக்குள் பெரியவர்கள் வந்துவிட்டது போல.

உதயரூபன் திரைக்குக் கிட்டக் குனிந்து விரலால் சுட்டினான்.

“அப்ப இவன்?”

“சப்புறான்.”

“மதிலோட சாஞ்சிருக்கிறவர்?”

“சப்புறார்.”

“இந்த ரெண்டு பேரும்? ரெண்டு பேரும் முகத்துக்கு முகம் பாத்து…”

“சேந்து சப்புறாங்க.”

“கடவுளே! ஒரு ஊரே வெத்திலை சப்புறதுக்கு நான் எட்டுப் பக்கம் வசனம் எழுதியிருக்கன்.” அவன் தாள்களை மேசையில் போட்டான். நுஸ்ரா மேசையில் கவிழ்ந்து சிரித்தாள். சர்மிலாவும் சிரித்தாள்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள்.

படத்தின் கடைசிப் பகுதி அது. இடுப்பில் பிள்ளை, தலையில் கூடை. கூட்டத்தை விலக்கி வந்தவள் படப்பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டாள். கன்னம் வெற்றிலையால் உப்பியிருந்தது. நாடியைச் சற்று உயர்த்தினாள். சப்புவதை நிறுத்தினாள். வாய் அசைந்தது. பிறகு முதுகு காட்டிக் கிறுகி, படியால் இறங்கி, காத்திருந்த ஒரு வள்ளத்தில் ஏறினாள். ஒருவன் கம்பை ஊன்றித் தள்ள, வள்ளம் வடக்கே வாவிக்குள் போனது. அதோடு சுருள் உக்கிய இடம் வந்து, திரையில் வெள்ளைக் கொப்புளங்கள் பூத்து எல்லாவற்றையும் தின்றுவிட்டன.

“இவ கதைக்கிறா,” என்றாள் சர்மிலா. அவள் சிரிப்பு நின்றுவிட்டிருந்தது.

“தெரியுமே! இவக்கு நான் எழுதினதக் கேளு.” உதயரூபன் எழுந்து நின்று நாடியை உயர்த்தி, இடுப்பில் கைவைத்தான். “‘ஏய் தொப்பிக்காரா, என்ன வாயப் பாக்கிறாய்? மீன் வேணுமெண்டா காசை எடு, இல்லாட்டி வழிய விடு!’ எப்பிடி? சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.”

“அவ அப்பிடிச் சொல்லல்ல.”

“மறுகா என்ன சொல்றா?”

சர்மிலா திரும்பவும் ஓடவிடச் சொன்னாள். திரும்பவும். கன்னத்தில் அடைத்திருந்த வெற்றிலை உதடுகளை ஒரு பக்கமாக இழுத்தது. தெரிந்த ஊரில், தெரியாத ஒழுங்கைக்குள் போனது போலிருந்தது அவளுக்கு.

“தெரியா.”

“தெரியாட்டி நான் சொன்னதுதான். பாருகா, எல்லாரையும் நீ வெத்திலை சப்ப வச்சிட்டாய். இவவையாவது எனக்கு விடு. ஒரு சிரிப்பும் இல்லாம சனத்த எப்பிடி வச்சிருக்கிற?”

அவன் கெட்டவன் இல்லை. சர்மிலாவுக்கு அது தெரியும். ஆனால் அவன் அந்தப் பெண்ணைப் போல நாடியை உயர்த்தி நின்ற விதம் அவளுடைய நெஞ்சில் ஒரு முள்ளைப் போட்டது. தன் முன்னாலேயே தனக்காகப் பேசப்படுவது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். சீலைக்கடையில் “அவக்குச் சிவப்புப் பிடிக்கா” என்று அம்மா றோஸ்மேரி சொல்லுவாள். சர்மிலாவுக்குச் சிவப்புப் பிடிக்கும். ஆஸ்பத்திரியில் டொக்டர் அம்மாவைப் பார்த்து “இவக்கு எங்க நோகுது?” என்று கேட்பார். பெண் பார்க்க வந்தவர்களிடம் “அவ ஓமெண்டுதான் சொல்றா” என்று அம்மா சொன்னபோது சர்மிலாவின் வாய் மூடியே இருந்தது. பேசத் தெரியாதவள் இல்லை அவள். காய்ச்சலுக்கு முன்னால் கேட்ட தமிழ் முழுவதும் உள்ளே இருக்கிறது. ஆனால் குரல் ஏறவேண்டிய இடத்தில் இறங்கும், இறங்கவேண்டிய இடத்தில் உடையும்; அதைக் கேட்டவர்களின் புருவங்கள் சொன்ன செய்தியை அவள் பன்னிரண்டு வயதிலேயே வாசித்துவிட்டாள். இந்தப் பின்னறையிலும் வீட்டிலும் மட்டும்தான் அவள் வாய் திறப்பாள்.

“சனிக்கிழமைக்குள்ள கண்டுபிடிச்சா?” என்று கேட்டாள்.

“கண்டுபிடிச்சா என்ர வசனத்தைக் கிழிச்சுப் போடுறன். அந்தோனியார் மேல சத்தியம்.”

“நீ சைவக்காரன்டா,” என்றாள் நுஸ்ரா.

“அவ வேதக்காரி எல்லோ. அவக்கு விளங்கிற சத்தியம்.”

அன்றிலிருந்து சர்மிலா அந்தப் பெண்ணோடேயே இருந்தாள். போனில் போட்டுக்கொண்டு சோற்றுக் கோப்பைக்கு முன்னாலும் பார்த்தாள், பஸ்ஸிலும் பார்த்தாள். போனில் அந்த வாய் ஒரு சீரகத்தின் அளவு. பெரிதாக்கினால் உதடு புள்ளிபுள்ளியாகச் சிதறி, ஈசல் கூட்டமாகப் பறந்தது. கண்ணாடிக்கு முன்னால் தன் கன்னத்தில் பஞ்சை அடைத்துக்கொண்டு பேசிப் பார்த்தாள். பஞ்சு வெற்றிலை ஆகாது. வெற்றிலையையே போட்டுப் பார்த்தாள். சுண்ணாம்பு நாக்கைச் சுட்டு, இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

“பழக்கமில்லாத வாய் அப்பிடித்தான்,” என்றாள் றோஸ்மேரி. “பழகின வாயெண்டா மீன் சந்தையில அன்னப்பூரணிட வாய்தான். காலையில போட்டா பின்னேரந்தான் துப்புவா.”

அம்மா வேடிக்கையாகச் சொன்னதை மகள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். மறுநாள் இருவரும் சந்தைக்குப் போனார்கள். உதவி கேட்டுப் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது என்று றோஸ்மேரி ஒரு கை வெற்றிலையும் பாக்கும் வாங்கிக்கொண்டாள்.

அன்னப்பூரணி இறாலுக்கும் ஓராவுக்கும் நடுவில் ஈரப் பலகையில் அகலமாக உட்கார்ந்திருந்தாள். இடது கன்னம் ஒரு நெல்லிக்காய் அளவுக்கு உப்பியிருந்தது. றோஸ்மேரி வழக்கம்போலத் தொடங்கினாள். “இவவுக்கு ஒரு…”

சர்மிலா அம்மாவின் கையைப் பிடித்தாள். “நான் கேக்கன் அம்மா.”

சந்தைக்கு நடுவில், எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, அவள் வெளியாளிடம் வாய் திறந்தாள். “அக்கா, நீங்க வெத்திலையோட கதைக்கிறதப் பாக்க வேணும்.”

அன்னப்பூரணியின் புருவம் உயர்ந்தது. குரலுக்காகவா, கேள்விக்காகவா என்று சர்மிலாவுக்குத் தெரியவில்லை. அம்மாவின் கையிலிருந்த வெற்றிலையை வாங்கி நீட்டினாள்.

“இதென்ன புதினம்! மீன் பாக்க வருவாங்க. இறால் பாக்க வருவாங்க. என்ர வாயப் பாக்க இப்பதான் ஒரு பிள்ளை வந்திருக்கு.” அன்னப்பூரணி தோள் குலுங்கச் சிரித்தாள். “இரு மகள். நல்லாப் பாரு. காசில்ல.”

சர்மிலா பக்கத்தில் குந்தினாள். அந்த வாய் ஒரு பெரிய புத்தகமாக இருந்தது. அன்னப்பூரணி பேசத் தொடங்குமுன் ஒவ்வொரு தடவையும் நாடியை மேலே உயர்த்தினாள். அது ஏன் என்று கேட்டதற்கு, “தூக்காட்டி சாறு சட்டையில எல்லோ வடியும்,” என்றாள். சர்மிலாவுக்கு உடம்பு சிலிர்த்தது. துறையில் நின்றவள் நாடியை உயர்த்தியது திமிரில் இல்லை! சாறு வடியாமல் இருக்கத்தான். உதயரூபன் இடுப்பில் கைவைத்து நடித்துக்காட்டிய அந்தத் திமிர்க்காரி, ஒரு நொடியில் காணாமல் போனாள்.

சர்மிலா போனை எடுத்துப் படத்தைக் காட்டினாள். அன்னப்பூரணி ஈரக்கையைச் சீலையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

“ஆரு பிள்ளை இது?”

“தெரியா அக்கா. நூறு வருசத்துக்கு முன்ன.”

“நூறு வருசமா!” அன்னப்பூரணி போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். “உசிரோட நிக்கிறா மகள். பாரன், பிள்ளை நழுவுது. இடுப்பால ஏத்துறா. நானும் இப்பிடித்தான் ஏத்துவன்.” பிறகு, “இவ ஏசல்ல. என்னவோ கேக்கிறா. இது கேக்கிற முகம்,” என்றாள்.

அந்த நேரம் ஒருவர் வந்து நண்டு இல்லையா என்று கேட்டார். அன்னப்பூரணி போனிலிருந்து கண்ணை எடுக்காமல், நாடியை உயர்த்தி, தோணி இன்னும் வரவில்லை என்று அவரைப் போகச் சொன்னாள்.

“மறுகா வாங்க.”

உதடுகள் ஒரு பக்கம் இழுபட்டு ஒட்டின. குவிந்தன. வலப்பக்கம் மட்டும் திறந்தது.

சர்மிலா போனைப் பறித்துப் படத்தைப் பின்னுக்குத் தள்ளினாள். பெண் வந்தாள், நின்றாள், நாடியை உயர்த்தினாள். ஒரு பக்கம் இழுபட்டு ஒட்டின. குவிந்தன. வலப்பக்கம் திறந்தது.

மறுகா.

சந்தையின் நடுவில் அவள் அழத் தொடங்கியதைப் பார்த்து றோஸ்மேரி பயந்துபோனாள். என்னவென்று அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? பிறகு என்று சொல்ல அம்மா சொல்கிற சொல், உதயரூபன் நாளுக்கு நாற்பது தடவை சொல்கிற சொல், அந்தத் துறையிலும் இருந்திருக்கிறது. வேற்று உலகத்தின் வாய் இல்லை அது. இந்த ஊர் வாய்.

ஆனால் அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. மிச்சம் எல்லாம் அந்தச் சீரக அளவுக்குள், ஈசல்களுக்குள் மறைந்திருந்தது. வெள்ளிக்கிழமையும் போய், சனிக்கிழமையும் வந்துவிட்டது.

“ஒரு சொல்ல வச்சு நான் என்ன செய்ய?” உதயரூபன் மூங்கில் கம்புக்கு மண் போட்டுக்கொண்டே கேட்டான். அவன் முகத்தில் விளையாட்டு இருக்கவில்லை. “மறுகா எண்டு சொல்லிப்போட்டு வாய மூடிக்கொண்டு நிக்கவா? சனம் மைக் பழுதெண்டு நினைக்கும்.”

“பேசாம விடன். அவவ சும்மா விடன்.”

“சர்மி, அவ வாயத் திறக்கிறா. எல்லாரும் என்னைத்தான் பாப்பாங்க.” அவன் மண்வெட்டியை நிறுத்திவிட்டு அவள் முகத்துக்கு நேராக வந்தான், உதடு நன்றாகத் தெரியும்படி. “இப்பிடிச் செய்வம். நீ எனக்குப் பக்கத்தில நில். அவ வாயத் திறக்கக்குள்ள உனக்கு விளங்கினா என்ர கையப் பிடி. மைக்க உனக்குத் தாறன். பிடிக்காட்டி நான் அவ வாயால மீன் விக்கத்தான் போறன். சரியா?”

மைக். சர்மிலா கரையைத் திரும்பிப் பார்த்தாள். வாவிக்கரைக்குச் சனம் வரத்தொடங்கியிருந்தது. ஆனாலும் சரியென்று தலையை ஆட்டினாள்.

தண்ணீர் விளிம்பில் நட்ட இரண்டு மூங்கில்களுக்கு நடுவே, தைத்து இணைத்த வெள்ளைச் சீலையைப் பாயைப் போல இழுத்துக் கட்டினார்கள். நுஸ்ராவின் வாப்பா வாளிவாளியாக வாவித் தண்ணீரை அள்ளி அதன்மேல் ஊற்றினார். ஈரச்சீலையில்தான் ஒளி ஒட்டும் என்றார். மீன்பிடிக்கப் புறப்பட்ட தோணிகள் இதைக் கண்டு சீலைக்குப் பின்பக்கம் வந்து ஒதுங்கின. இடம் வலமாகத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று தோணிக்காரர் கம்புகளை ஊன்றி நின்றுகொண்டார்கள். பள்ளிவாசலில் மஃரிப் முடிந்தது. நுஸ்ரா ஓடி வந்து விளக்கை அணைத்தாள்.

சீலையில் வாவி விழுந்தது. வாவிக்கு மேல் வாவி.

அதற்குள்ளிருந்து துறை எழுந்தது. கோட்டை மதில் தென்னை மர உயரத்துக்கு நின்றது. காற்று சீலையைத் தள்ளியபோது துறை முழுவதும் ஒரு தடவை மூச்சு வாங்கியது. மூட்டைக்காரன் நடந்தான். மாடு ஈ ஓட்டியது. உதயரூபன் “இது எங்கட துறை. இவங்க எங்கட ஆக்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். சர்மிலா திரையை விட்டுச் சனத்தைப் பார்த்தாள். ஒருவர் வாயும் அசையவில்லை. பிள்ளைகள்கூட வாய் பிளந்து அப்படியே இருந்தார்கள். குடைக்கிழவர் சப்பினார், முன்வரிசையில் அன்னப்பூரணி, எப்போது வந்தாளோ, அவரோடு சேர்ந்து சப்பினாள். ஒருவருக்கும் ஒன்றும் கேட்காத ஓர் உலகத்தை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த உலகத்தில்தான் சர்மிலா நாலாம் வகுப்பிலிருந்து இருக்கிறாள். இன்றைக்கு ஊரே அங்கே வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

கூட்டம் விலகியது. அவள் வந்தாள்.

போனில் சீரகமாக இருந்தவள் இப்போது கோயில் கோபுரத்துப் பெண்ணைப் போல வானத்தில் நின்றாள். இத்தனை நாளும் தான் செய்த பிழை அப்போதுதான் சர்மிலாவுக்குப் புரிந்தது. வாயை மட்டுமே பார்த்திருக்கிறாள். உயிரோடிருக்கிற மனிதரை அவள் ஒருநாளும் அப்படிப் பார்ப்பதில்லை. கண், புருவம், தோள், கை எல்லாம் சேர்ந்துதான் பேசும். சின்னத் திரையில் அந்தப் பெண்ணை ஒரு வாயாக அரிந்தெடுத்துவிட்டாள். இப்போது அவள் முழுதாக நின்றாள். கூடையைப் பிடித்திருந்த கை தெரிந்தது. அந்தக் கை இறங்கி வந்தது. நாடி உயர்ந்தது. உதடுகள் இழுபட்டு ஒட்டின.

முதல் சொல். பிறகு, கீழ் உதட்டைப் பல் லேசாகத் தொட, தலை வள்ளத்தின் பக்கம் ஒரு சாண் சாய்ந்து திரும்பி வந்தது. விரல்கள் நெஞ்சைத் தொட்டன. உதடுகள் குவிந்தன, விரிந்தன. கண்கள் படப்பெட்டியை, அதன் பின்னால் கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டிருந்த முகம் தெரியாத மனிதனை, அவன் இருந்த இடத்தில் இப்போது இருந்த இந்த வாவிக்கரையை, கூச்சத்தோடு பார்த்தன. ஏதோ சின்னப் பொருளொன்றை, கேட்கக் கூடாததை, கேட்டுவிட்டவளின் கண்கள்.

உதயரூபன் மூச்சை இழுத்து மைக்கை வாய்க்குக் கொண்டுபோனான்.

சர்மிலா அவன் கையைப் பிடித்தாள்.

மைக் கனமாக இருந்தது. சனம் அவளைப் பார்ப்பது தெரிந்தது. அம்மா கதிரையிலிருந்து பாதி எழுந்து நிற்பது தெரிந்தது. சீலையில் அந்தப் பெண் ஏற்கனவே கிறுகிவிட்டாள். படியால் இறங்குகிறாள். பிள்ளையை இடுப்பால் ஏற்றிவிட்டு ஒரு கால் வள்ளத்துக்குள் வைக்கிறாள். கம்பை ஊன்றுகிறான் அவன். இன்னும் கொஞ்சத்தில் வெள்ளைக் கொப்புளங்கள் வந்துவிடும்.

ஏறவேண்டிய இடத்தில் இறங்கி, இறங்கவேண்டிய இடத்தில் உடைகிற அந்தக் குரலை, சர்மிலா வாவியின் மேல் திறந்துவிட்டாள்.

“மறுகா வருவன்,” என்றாள். “எனக்கும் படத்த ஒருக்காக் காட்டுவீங்களா?”